தாள் ஒட்டின பாடம்

— உரிச்சது நான்தான். அதுக்கென்ன இப்ப?

— என்னம்மா சாராள், அதுக்கென்னங்குற? சபைக் கமிட்டி கூடி, பிள்ளைக பாக்க வேணாம்னு தாள் ஒட்டிக் குடுத்த பக்கம் அது. சபைக்கு நான் செக்ரட்டரி. போன மாசம் ஜீப்பைப் பிடிச்சு உங்க ஏலக்காட்டுக்கு ஜெபக்கூட்டத்துக்கு வாரேன், ஒன் சின்ன மகன் என்னையப் பாத்து, "பெரியப்பா, குரங்குக்கும் நமக்கும் கை ஒரே மாதிரியாமே"ங்குறான். வாயில போட்ட வடை எறங்கல எனக்கு. வெளங்குதா?

— பிள்ளை கேட்டா பதில் சொல்லணும், அண்ணாச்சி. வடை என்ன செய்யும்?

— ஏசப்பா! ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. தேனி பஜாரே திரும்பிப் பாக்குது. வேதபுஸ்தகம் விக்கிற கடைய்யா இது, எனக்கெதுக்கு வம்பு?

— ஏசுதாசா, நீ சும்மா கெட. ஒன் கடையில வாங்குன புஸ்தகத்துக்குத்தான் இந்தப் பஞ்சாயத்தே.

— ஏசுதாசண்ணே, நீங்க புஸ்தகத்தை எடுத்து வைங்க. எட்டாங்கிளாசு கணக்கு, பூகோளம், சரித்திரம், விஞ்ஞானம். அஞ்சு வீட்டுக்கும் சேத்து. தாள் ஒட்டாததா.

— ஒட்டாததா? தாயி, அதைச் செக்ரட்டரி ஐயா முன்னாலயா கேக்குறது!

— முன்னாலதான் கேக்குறேன். பின்னால போயிக் கேக்க நான் என்ன சாராயமா வாங்க வந்தேன்?

— நான் கேக்குறேன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டுல வச்சுச் சொல்லிக் குடுக்குறது எதுக்கு? வேத வளர்ப்பா வளரணும்னுதான? அப்பப் பைபிள் கதை இருக்கு, கீர்த்தனைப் புஸ்தகம் இருக்கு, பொம்பளைப் பிள்ளைக்குத் தையல் புஸ்தகம் இருக்கு. அதுகளை வாங்கு.

— மலை மேல இருக்குற பள்ளிக்கூடம் மலையாளத்துல நடத்துது. கீழ போடிக்கு அனுப்பி ஹாஸ்டல்ல விட எங்கள்ல யாருக்கும் வசதியில்லை. அதான் அஞ்சு வீட்டுக்காரவுகளும் சேந்து, காலையில ஜெபம் பண்ணிட்டு, பிள்ளைகளை உக்கார வச்சுப் பாடம் நடத்துறோம். வேதமும் படிக்குதுக. ஆதியாகமத்தை எங்கன நிறுத்துனாலும் எம் மக சொர்ணலதா அங்கன இருந்து சொல்லுவா. நீங்க சொல்லுவீகளா?

— என்னையவே சோதிக்கிறியா?

— சும்மா கேட்டேன்.

— அதான சொல்றேன். பள்ளிக்கூடத்துல குரங்குப் பாடம் வந்தா வாத்தியார் இருக்காரு, இன்னது இப்படின்னு எடுத்துச் சொல்ல. உங்க வீட்டுல யாரு இருக்கா? நீ. படிச்சது அஞ்சாப்பு. பிள்ளை கொழம்பி நின்னா ஒன்னால என்ன பதில் சொல்ல முடியும்? இது வீம்புக்குச் சொல்றதில்ல தாயி, பயத்துல சொல்றேன்.

— பயம் எனக்கும் இருக்கு, அண்ணாச்சி. குரங்கைப் பாத்து இல்ல, பரீட்சையப் பாத்து. முத வருசம் என்ன செஞ்சீக? இந்தக் கடையிலயே வச்சிர்ரம் காச்சி, பலகைய ஒட்டுற மாதிரி ஒட்டிக் குடுத்தீக. குரங்குப் பக்கம் போச்சு. மனுச உடம்புப் படம் போச்சு. சரித்திரத்துல கோயில் கோபுரம் இருந்துச்சுன்னு அதுவும் போச்சு. பரீட்சையில இருதயத்தைப் படம் போட்டுப் பாகம் குறின்னு வந்துச்சு. எம் பிள்ளை இருதயத்தை எங்கன பாத்திருக்கா? வெறுந்தாளை மடிச்சுக் குடுத்துட்டு வந்தா. பெயில்.

— அதுக்கு நாங்க என்ன...

— நீங்கதான். வேற யாரு? கர்த்தர் உண்டாக்குன உடம்பு அது. அதைப் படத்துல பாத்தாப் பாவமா? ஒரு தாளை ஒட்டித்தான் என் விசுவாசத்தைக் காப்பாத்தணும்னா, அந்த விசுவாசம் எனக்கு வேணாம்.

— ஆத்தாடி! தாயி, அந்த வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கிரு.

— வாங்க மாட்டேன்.

— ஏசுதாசா, கேட்டுக்கிட்டியா? நீ சாட்சி. இந்தா பாரு சாராள். ஒன் மக இந்த வருசம் தனியாப் பரீட்சை எழுதணும்னா, மனுவுல எங்க சபைப் பள்ளிக்கூடத்துச் சார்பா நான் கையெழுத்துப் போடணும். வெளங்குதா?

— வெளங்குது. மனுவைக் கையோடதான் கொண்டாந்திருக்கேன்.

— வார ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் சபைக்கு முன்னால நில்லு. "நான்தான் உரிச்சேன், தப்பு"ன்னு சொல்லு. போடுறேன்.

— உரிச்சேன்னு சொல்றேன். தப்புன்னு சொல்ல மாட்டேன்.

— அப்ப ஒன் மக பரீட்சை?

— எழுதுவா. நீங்க போடலைன்னா மதுரைக்குப் போவேன். எந்த ஆபீஸ்ல யாரு காலைப் பிடிக்கணுமோ பிடிப்பேன். ஆனா உங்ககிட்ட மன்னிப்பு மட்டும் கேக்க மாட்டேன்.

— ஏசப்பா, கடை போச்சு.

— சரி. நாங்க ஒட்டுனதை நீ உரிப்ப, நாங்க பாத்துக்கிட்டே இருப்போமாக்கும்? போன வருசத்துல இருந்து ஒட்டுற வேலையை இந்தக் கடையில வைக்கிறதில்ல. என் வீட்டுலதான் நடக்குது. என் வீட்டுக்காரி அன்னத்தாய் உக்காந்து அவ கையால ஒட்டுறா. அதையும் உரிச்சுட்ட. அதனால இந்த வருசம் மயில்துத்தம் போட்டுக் கெட்டிப் பசையாக் காச்சச் சொல்லியிருக்கேன். பல்லால கடிச்சு இழுத்தாலும் வராது. ஏசுதாசா, காலையில வந்த அந்தப் புஸ்தகக் கட்டை எடு.

— வேணாம் அண்ணாச்சி. அதைப் பிரிக்காதீக.

— ஏன், இப்பப் பயமாருக்கோ?

— கட்டு அப்படியே இருக்கட்டும். நான் அப்படியே வாங்கிட்டுப் போறேன். ஒட்டுனதே குடுங்க. போதும்.

— இம்புட்டு நேரம் ஒட்டாதது வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன? நீ பாக்கத்தான் வேணும். கத்தரியைக் குடுய்யா. ம்... இந்தா, விஞ்ஞானம். இருதயப் படம் எத்தனாவது பக்கம்?

— எனக்குத் தெரியாது.

— எனக்குத் தெரியும். இந்தா... என்னது இது, தாளு தன்னால கீழ விழுது?

— காத்தா இருக்கும் ஐயா. பேன் ஓடுதுல்ல.

— காத்தாவது! இன்னொண்ணைக் குடு. இந்தா குரங்கு... இதுவும் விழுது! இதுல பசையே இல்லையே. மூலைக்கு ஒரு சோத்துப் பருக்கையைத் தேச்சு வச்சிருக்கு. ஏசுதாசா, எவம்லே உரிச்சது? இவ வந்து தொட்டாளா?

— தொடலைங்கய்யா. சத்தியமாத் தொடலை. காலையில உங்க வீட்டம்மா கட்டிக் குடுத்துவிட்ட கட்டு. முடிச்சைக்கூட நீங்கதான் இப்ப வெட்டுனீக.

— அன்னத்தாயா?

— அண்ணாச்சி, இங்கன பாருங்க. உரிச்சது நான்தான். ஞாயித்துக்கெழமை சபைக்கு முன்னால நின்னு, தப்புன்னும் சேத்தே சொல்லிர்றேன். நீங்க வீட்டுக்குப் போயி மதினிகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. இந்தாங்க மனு, இந்தாங்க பேனா.