பச்சையாய் எரிந்த ரத்தம்

— சிரிக்காதண்ணே. ரத்தம் பச்சையா எரியுதுன்னா உனக்குக் கதையா தெரியுதா?

— அட நீ ஒண்ணு பாப்பா. தாவூத் டெய்லரோட தங்கச்சி மெட்ராஸ்ல ரத்தத்துல பச்சை விளக்கு ஏத்தறான்னு செஞ்சி பஜார்ல சொன்னா, நாளைக்கே ரெண்டு பேரு தாயத்து கேட்டு கடைக்கு வந்துடுவான். கொஞ்சம் நகரு, வெளிச்சத்தை மறைக்கற. கரண்டு வர்ற வரைக்கும் இந்த அரிக்கேன்தான். உன் நிக்காஹ் சேலைக்கு ஃபால்ஸ் தச்சு முடிச்சாத்தான் எனக்கு நிம்மதி.

— முடிச்சுட்டு விடிஞ்சா பம்பாய்க்குக் கிளம்பிடுவ. கூடப் பொறந்தவ கல்யாணத்துல இருக்க மாட்ட.

— அங்க வேலை காத்துனு இருக்குது. கடையை என்கூடத் தைக்கற இளையபெருமாள் எடுத்துக்கறான். சேலை பூரா என் தையல்தான, அது போதும். நீ அந்தப் பச்சை விளக்கைச் சொல்லு.

— விளக்கில்லண்ணே. ரத்தத்துல வெள்ளை அணு இருக்குது. ஏற்கெனவே சண்டை போட்ட கிருமியை மறுபடி பாத்துட்டா, மத்த அணுவையெல்லாம் உதவிக்குக் கூப்பிடும். கூப்பிடறதுக்குன்னு ஒரு புரதம் செய்யும்.

— ஆள் சேக்க விசில் அடிக்குது. சரி.

— அதேதான். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கிற பொருள் ஒண்ணு இருக்குது, ஆன்டிபாடின்னு பேரு. அதுல சாயம் ஏத்தி வச்சிருப்போம். இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்புல நீல வெளிச்சம் விட்டா, விசில் அடிச்ச அணு மட்டும் பச்சையா எரியும்.

— சாயம் நிக்குமா, போயிடுமா?

— உத்துப் பாக்கப் பாக்க மங்கிடும். டக்குனு போட்டோ எடுத்துடணும்.

— அப்ப ராஜகிரிக் கோட்டை மேல பொழுது சாயற மாதிரின்னு சொல்லு. பாத்துனே இருப்போம், காணாமப் பூடும். நீ என் தோள்ல உக்காந்துனு, 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுண்ணே'ன்னு அழுவ.

— அழுதா நெல் களஞ்சியத்துக்குள்ள தூக்கினு போவ. 'உன் பேரைச் சொல்லிக் கத்து, கோட்டை திருப்பிச் சொல்லும்'ப.

— நீ எங்க பேரைச் சொன்ன? 'பரோட்டா'ன்னு கத்துவ. கோட்டையே 'பரோட்டா, பரோட்டா'ங்கும். அம்மா போன துக்கத்தையெல்லாம் அங்கதான் நான் சிரிச்சுத் தொலைச்சேன்.

— இறங்கி வந்தா பஸ் ஸ்டாண்டு டீக்கடை. உன் எச்சி டம்ளர்லதான் குடிப்பேன்னு அடம் பிடிப்பேன். அப்புறம் ஒரு நாள் பாதி மலையில இறக்கி விட்டுட்டு, 'நடந்து வா'ன்னுட்ட. அதோட சரி. தனித் தட்டு, தனி டம்ளர். தா பாரு, இப்பவும் உன் டம்ளர்ல சிவப்பு நூல் கட்டியிருக்குது. நான் கடைக்கு வந்த சரிகைத் துணியை வெட்டிப் போட்டதுல கோவம்னு இத்தினி வருஷமா நினைச்சுனு இருந்தேன்.

— இன்னா பாப்பா நீ, பத்து வயசுப் பொண்ணை யாரு தூக்குவா? தோள் வலிச்சுது. டெய்லர் கடையில நாலு பேரு டம்ளர் கலந்துடும், அதுக்குத்தான் நூலு. அது கிடக்கட்டும். எந்தக் கிருமியைப் பாத்து விசில் அடிச்சுது?

— தொழுநோய்க் கிருமி.

— நூலு சிக்கிக்கிச்சு. இரு... ஆங், சரியாப் போச்சு. பெரிய வியாதியா. சொல்லு.

— செத்த கிருமியை ரத்தத்துல கலந்துதான் பாப்போம். நோயாளி ரத்தம் ஒரு பக்கம். ஒத்துப் பாக்க, நல்லா இருக்கறவங்க ரத்தம் இன்னொரு பக்கம். அதுக்கு வெளிய ஆள் தேட மாட்டோம், லேப்ல அவங்கவங்க கையையே நீட்டிடுவோம். போன வருஷம் ஒரு வாட்டி நான் நீட்டினேன். மத்தவங்க ஸ்லைடுல அங்கங்க ஒண்ணு மினுக்கும். என்னுது அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் கோயில் மாதிரி எரிஞ்சுது.

— உனக்கு இன்னா ஜாஹிதா? உண்மையைச் சொல்லு. உடம்புல தேமல் மாதிரி, மரத்துப் போறது...

— எனக்கு ஒண்ணுமில்ல, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. எரிஞ்சா நல்லதுண்ணே. என் உடம்பு அந்தக் கிருமியை எப்பவோ பாத்து ஜெயிச்சிடுச்சுன்னு அர்த்தம். லேப் மேடம்தான் கேட்டாங்க, 'சின்ன வயசுல உன்னைத் தூக்கி வளத்தவங்க யாருக்கோ இருந்திருக்கும்போல'ன்னு. ஸ்லைடு ஆளைக் காட்டாது, அனுமானம்தான். ஆனா மனசு அடங்கல. நீ வேற திடீர்னு பம்பாய்ங்கற. அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். மூணு மருந்து சேத்துத் தர்றாங்க இப்ப, குணமாயிடுது. விட்டா விரல் போயிடும்.

— கோட்டை வாட்ச்மேன் பச்சைமுத்து. அவன்தான், வேற யாரு? உனக்குச் சீத்தாப்பழம் பிட்டுப் பிட்டு ஊட்டுவான். கையில பாதி விரலே இருக்காது.

— மத்தியானம் தொண்டூர்ல அவரைப் பாத்துட்டுத்தான் வர்றேன். அது கல்குவாரி வெடியில போன விரலு. இருக்கற விரலால என் கன்னத்தைக் கிள்ளினாரு, இன்னும் எரியுது. 'உங்கண்ணன் இன்னும் அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஏறறானா'ன்னு கேட்டாரு.

— கூட்டத்துல பாவாடை வித்தேன். அதுல இன்னா தப்பு?

— மூட்டையே இல்லாம ஏறி, வழியில ஆஸ்பத்திரிகிட்ட இறங்கிடுவியாமே.

— அவனுக்கு வயசாயிடுச்சு, கண்டதையும் உளறுவான். பேச்சு போதும், இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

— தைக்கறதை நிறுத்துண்ணே.

— முடிச்சுடறேன் பாப்பா.

— நிறுத்து. சேலையோட உன் விரல் தோலையும் சேத்துத் தச்சிருக்க. ரத்தம் வருது. உனக்குத் தெரியவே இல்ல.

— சேலையில பட்டுடுச்சா?

— சேலை கிடக்குது. கையைக் காட்டு.

— தொடாத. தள்ளி உக்காரு. கழுவிடறேன்... நல்ல வேளை, ஃபால்ஸ்லதான் பட்டிருக்குது, பிரிச்சு மாத்திக்கலாம்.

— எப்பலேர்ந்துண்ணே?

— மலையில உன்னை இறக்கி விட்டேனே, அன்னிலேர்ந்து. இன்னும் மேல போலாம்னு நீ தோள்ல கிள்ளுன. எனக்குக் கிள்ளுனதே தெரியல. கூட்டத்தோட கூட்டமாப் போனா எவனும் கேக்க மாட்டான்னுதான் அமாவாசைக்குப் போனேன். வெள்ளை மாத்திரை குடுத்தாங்க, வருஷக் கணக்கா தின்னேன். கேக்கல, விட்டுட்டேன். விரல் மடங்க ஆரம்பிச்சிடுச்சு, இனிமே மறைக்க முடியாது. மாப்பிள்ளை நிச்சயத்துக்கு வந்தப்ப கை குடுக்கணுமேன்னு பயந்து, திண்டிவனத்துக்கு ஓடிட்டேன்.

— அவரு உன்னைத்தான் தேடினாரு. வாசலையே பாத்துனு இருந்தாரு.

— அதான் வேணாங்கறேன். நல்ல குடும்பம், நீயாப் பாத்த பையன். எவனாவது ஒருத்தன், 'பொண்ணோட அண்ணன் குஷ்டக்காரன்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்த நிமிஷமே எழுந்து பூடுவான். நான் பம்பாய்லயே கிடந்துக்கறேன். இந்த வியாதியை உன் ரத்தம் வரைக்கும் கொண்டாந்தவன் நான். இதுக்கு மேலயும் கெடுக்கச் சொல்றியா?

— உன்னால ஒண்ணும் கெடல. நாளைக்கு பம்பாய் இல்ல, என்கூட மெட்ராஸ் வர்ற. மருந்து ஆரம்பிச்சுட்டுக் கல்யாணத்துக்கு வந்து முன்னாடி நிக்கற.

— இன்னா பாப்பா, பொட்டச்சி பிடிவாதம் பண்ணா ஊரு வாயை அடைக்குமா? மாப்பிள்ளைகிட்ட யாரு சொல்றது? கேட்டதும் அந்தப் பையன் மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சுப் பாத்தியா?

— நோயாளி ரத்தம் ஒரு பக்கம், என் ரத்தம் ஒரு பக்கம்னு சொன்னேனே, அந்த நோயாளி ஸ்லைடு அவரோடது, மருந்து முடிச்சுக் குணமாகித்தான் பொண்ணு கேட்டு வந்தாரு, உங்கண்ணன்கிட்ட நீயே சொல்லிடுன்னாரு. அந்தச் சிவப்பு நூலை அவுத்துட்டு டம்ளரை இப்படிக் குடுண்ணே, டீ ஆறுது.