பின்சந்துக்கு ஒரு நம்பர்

— நீங்க எத்தனை தடவ கேட்டாலும் அதேதான், சிகுஜுவாம்மா. வீட்டு நம்பர் தகடு முன்வாசல்லதான் அடிக்கணும். பின்பக்கம் ஆகாது.

— முன்வாசல்ல யாரு வர்றா, லாமெக் தம்பி? எங்க ஆம்பிளைங்களும் அவங்க கூட்டாளிங்களும். இந்தத் தீவுல பொம்பளைங்க பொழங்குறதெல்லாம் இந்தப் பின்சந்துலதான். எங்கம்மா கல்யாணமாகி வந்தது இந்த வழியாத்தான், நானும் இந்த வழியாத்தான்.

— இருக்கலாம்மா. ஆனா தீவுக்குப் பின்கோடு வந்தாச்சு, முன்தெருவுக்குப் பேரும் வச்சாச்சு. கேப்டன் நசோரோ தெரு.

— என் புருஷனோட தாத்தா! மனுஷன் ஓட்டினது ஒரே ஒரு கப்பல். அதையும் பாறையில ஏத்தினாரு. அவருக்கு ஒரு தெரு!

— சிரிக்க வைக்காதீங்க, நீங்க கொடுத்த மந்தாசிப் பணியாரம் தொண்டையில அடைக்குது.

— மெதுவாத் தின்னு. தேங்காப்பால் ஊத்திச் சுட்டது. இப்ப சொல்லு, இந்தச் சந்துல நம்பரே இல்லன்னா உன் போன் மேப்புல இது என்னவாத் தெரியும்?

— காலி இடமாத் தெரியும்.

— அதுதான் எனக்குப் பயம். டார் எஸ் சலாம்லேர்ந்து வந்திருக்கானே ஓட்டல்காரன், அவன் காலி இடம்தான் கேட்டு அலையுறான். இங்க சுவர் வச்சுட்டான்னா, கடல் வத்துற நேரம் பாறைத்திட்டுக்கு நாங்க எந்த வழியாப் போறது? எட்டுக்கால் பேய்க்கணவாய ஈட்டியால குத்திட்டு வந்தாத்தான் இங்க அடுப்பு எரியும்.

— உங்க வீட்டுக்காரர் பேசக் கூடாதா?

— பேசுவாரே! ஓட்டல் வந்தா வாட்ச்மேன் வேலை கிடைக்கும்னு பல்ல இளிக்குறாரு. எல்லா வீட்டு ஆம்பிளைங்களும் இதே பாட்டுதான்.

— எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்மா. சந்துப் பக்கம் ஒரு கதவுக்காவது நம்பர் விழுந்தா, அதுக்கும் பேரு கிடைக்கும், அதுவும் தெருவாயிடும், யாரும் சுவர் வைக்க முடியாது. விதி இடம் கொடுக்கல, நான் என்ன செய்ய?

— அந்த விதிய இன்னொரு தடவ படி.

— வீட்டுக்கு ஒரு நம்பர். வாசல் ரெண்டு இருந்தா முன்வாசல்ல அடிக்கணும்.

— ஒரே வாசல்தான் இருந்தா?

— அது எந்தப் பக்கம் இருக்கோ அங்க அடிக்கணும். ஏம்மா, உங்க வீட்டுக்காரரோட படகுப் பட்டறையில கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். வந்ததுலேர்ந்து டொக்கு டொக்குனு மண்டையப் பொளக்குது.

— நின்னுடும், நின்னுடும். முடியப்போற வேலைதான். உங்க ஊர்ல படகு உண்டா?

— டோடோமா பக்கம் ஏதும்மா கடல்? மாடுதான் உண்டு.

— அதான் கேட்டேன். இன்னொண்ணு எடுத்துக்க.

— போதும்மா. முன்தெருவுல தகட்ட அடிச்சுட்டு, தண்ணி இறங்குறதுக்குள்ள படகப் பிடிக்கணும்.

— அங்க எதுக்குப் போற? சுத்தியல எடு, என் கதவுலேர்ந்து ஆரம்பி. அப்புறம் சந்து பூரா வரிசையா அடிச்சுட்டுப் போ.

— மறுபடியும் முதல்லேர்ந்தா! முன்வாசல்னு ஒண்ணு இருக்குற வரைக்கும்...

— இன்னைக்கு வெள்ளிக்கிழமை, தம்பி. ஆம்பிளைங்க பூரா பள்ளிவாசல்ல இருக்காங்க. பட்டறை காலையிலேர்ந்தே பூட்டித்தான் கிடக்கு. நீ கேக்குறது, எங்க பொம்பளைங்க வீடு வீடா முன்கதவுக்குக் குறுக்கே கட்டைய வச்சு ஆணி அடிக்கிற சத்தம்.