கொளஞ்சி வீட்டுப் போர்வை

உப்புக்காத்துல குண்டூசி மூணே நாள்ல துரு புடிச்சிடும் சார். அதனால மியூசியத்துல போர்வைங்களை நூலாலயே கட்டித் தொங்கவிட்டேன். அந்தப் பாடு யாருக்குத் தெரியுது? கந்தத்துணிக்கு ஒரு மியூசியமா வாத்தியாரேன்னுதான் கேட்டாங்க.

பழம்புடவையை அடுக்கிக் கையால தைக்கிற போர்வைங்க. அதுக்காக மரக்காணம் சுத்தி ஒரு வருஷம் அலைஞ்சேன். ஒரு வீட்ல கன்னுக்குட்டிக்குப் போத்தியிருந்தாங்க. இன்னொரு வீட்ல பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொவைச்சே நாசம் பண்ணிட்டாங்க. வயிறு எரிஞ்சுது.

உருப்படியா இருந்தது கொளஞ்சியோடது ஒண்ணுதான். உப்பளத்துல வேலை செய்யிறவ. அவங்க வீட்ல யாரு செத்தாலும் செத்தவங்க துணியில ஒரு சதுரம் வெட்டிப் போர்வையில தைப்பாங்க. எல்லாக் கட்டமும் நெறஞ்சா அப்புறம் உயிரோட இருக்கிறவங்க போத்திக்கக் கூடாது. அப்பத்தான் எனக்குக் குடுக்க முடியும். ஒரு கட்டம் பாக்கி.

சுனாமியன்னைக்குக் காலையில அவ புருஷன் மீன் வாங்கப் போனான், நாலு வயசு மக கலைமதியும் கூடப் போனா. அவன் பொணம் கெடைச்சுது. அவன் லுங்கியைத் தைச்சிட்டா. மக பாவாடையை மட்டும் தைக்கமாட்டேன்னுட்டா.

"பொணத்தைப் பாக்கலியே சார். அவ வந்தா எதைப் போத்திப்பா?"

பத்து மாசமா இதே பதில். தெறப்பு விழாவுக்கு நோட்டீஸே அடிச்சாச்சு, நடுச்செவுரு காலியா கெடக்குது. பொறுமைக்கும் ஒரு அளவு இருக்குதில்ல?

நிதானமாத்தான் சொன்னேன். மொத்தமா பொதைச்ச குழியாண்ட நான் இருந்தேன், ஒம் பொண்ணைப் பாத்தேன், இடது புருவத்துல தழும்பு இருந்துதுன்னேன். தழும்பைப் பத்தி அவ என்னாண்ட சொன்னதே இல்ல. அதனால நம்பிட்டா. அன்னைக்கே தைச்சுக் குடுத்தா. மூணாம் நாள் ஊரைவிட்டே போயிட்டா. மக தேடி வருவான்னுதான் அந்த வீட்ல இருந்தாளாம்.

தழும்பை நான் போட்டோவுல பாத்தேன் சார். அவகிட்ட அதைச் சொல்றதுக்கு முந்தின வாரம் கடலூர்ப் பக்கம் ஒரு காப்பகத்துலேர்ந்து மேரிசெல்வின்னு ஒரு அம்மா கொண்டாந்தாங்க. பேரு கலைமதின்னு சொல்லுது, ஊரு சொல்லத் தெரியல, நீங்க வீடு வீடா போறவராச்சே, தெரியுமான்னு கேட்டாங்க. நல்லாப் பாத்துட்டு, தெரியாதுங்கன்னு திருப்பிக் குடுத்தேன்.

நேத்து அந்தம்மா காப்பகத்துப் பசங்களை மியூசியம் காட்டக் கூட்டியாந்தாங்க. இந்தப் பொண்ணு நேரா நடுச்செவுத்துக்குப் போச்சு. போர்வையை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, அம்மா எங்கன்னு கேட்டு அழுதுது. நான் அடிச்சேன்னு புகார் குடுத்திருக்காங்க. அடிக்கவே இல்ல சார். வெரலை ஒவ்வொண்ணா மெதுவாத்தான் பிரிச்சு எடுத்தேன். ஒரு தையல்கூட விட்டுப்போகல, வேணும்னா ஆளை அனுப்பிப் பாருங்க.