சகாயத்துக்க கூட்டுக்காரி

— அந்த மணலுல இருக்காத மக்ளே, நனைஞ்சு கெடக்கு. இந்தா, வலைக்க மேல இரி. எந்த ஊருண்ணு சொன்ன?

— வடசேரி அப்பா. பேரு தாணம்மை. திருவனந்தபுரத்துல உங்க மக சகாயசெல்வி கூடப் படிச்சவ. ஹாஸ்டல்லயும் ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்தான்.

— எனக்க சகாயத்துக்க கூட்டுக்காரியா! அவ செத்து மூணு வருசமாச்சு. காலேஜிலேந்து இதுவர ஒருத்தரும் இந்தக் கரைக்கு வரல்ல, கேட்டியா.

— முந்தியே ரெண்டு மட்டம் வந்தேன். குளச்சல் சந்தை முக்குல இறங்கி, கொஞ்ச நேரம் நிண்ணுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்.

— எதுக்கு? ஜான்ரோசுக்க வீடு எதுண்ணு கேட்டா மீன் விக்கிற எவளும் காட்டித் தருவாளே.

— வழி தெரியாம இல்லப்பா. உங்க முகத்தைப் பாக்கத் தைரியம் வரல்ல.

— எனக்க முகத்துல என்ன இருக்கு? வெயிலும் உப்பும். செரி, வந்துட்டேல்லா. ஒண்ணு கேக்கட்டா? என் மவ பெரிய படிப்பு படிச்சாண்ணு ஊரெல்லாம் சொல்லுது. என்னத்தைப் படிச்சாண்ணு எனக்குத் தெரியாது. கேட்டா ‘கணக்கு’ம்பா. வள்ளத்துல மீனு எண்ணுகதும் கணக்குதானே, அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போவணும்?

— எப்பிடிச் சொல்லட்டும்... ஒரு நாள் எங்க வாத்தியார் ஒரு கணக்கைப் போட்டாரு. பெரிய போர்டு ரெண்டும் நிறைஞ்சுது, முடிவு வரல்ல. கிளாஸ்ல பொம்பளப் பிள்ளைங்க நாங்க ரெண்டே பேரு. இவ எந்திரிச்சு, ‘சார், நான் ஒருக்கா போட்டுப் பாக்கட்டுமா’ண்ணா. ஆம்பளப் பயலுவ எல்லாம் சிரிச்சாங்க.

— சிரிச்சானுவளா!

— சிரிச்சாங்க. இவ பாதி போர்டை அழிச்சா. நாலே வரி எழுதினா. முடிஞ்சுது. வாத்தியார் வந்து எங்க பெஞ்சுல இருந்துட்டாரு. ‘சகாயசெல்வி, இன்னொரு தடவ சொல்லு, நானும் எழுதிக்கிடுதேன்’ண்ணாரு.

— வாத்தியாரா? எழுதினாரா?

— எழுதினாரு. ஒருத்தனும் அப்புறம் சிரிக்கல்ல.

— எனக்க மாதாவே...

— ‘ஏட்டி, இதெல்லாம் எங்க படிச்ச’ண்ணு கேட்டேன். ‘எங்க அப்பா கட்டுமரத்துல போவும்போ கோயில் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால ஒரு தென்னையையும் ஒரே நேருக்குக் கொண்டு வருவாரு. அந்தப் பக்கம் மலையை வச்சு இன்னொரு நேரு. ரெண்டு நேரும் வெட்டுற எடத்துல தூண்டிலை இறக்குனா அடியில பாறை இருக்கும், மீனும் இருக்கும். எனக்குக் கணக்கு அங்கதான் தொடங்கிச்சு’ண்ணா. வாத்தியார் கேட்டப்பவும் எந்திரிச்சு நிண்ணு, எல்லாருக்கும் கேக்க, அதையேதான் சொன்னா.

— எனக்க பேரைச் சொன்னாளா?

— ‘எங்க அப்பா ஜான்ரோஸ், கடல்ல போறவரு’ண்ணு சொன்னா.

— ஒருக்கா நான் உங்க ஹாஸ்டலுக்கு வந்தேன் மக்ளே. கருவாடு கொண்டு வந்தேன். எனக்க மேலெல்லாம் மீன் வாடை. கூடப் படிக்கிற பிள்ளையளுக்க முன்ன அவளுக்குக் கொறச்சலா இருக்குமேண்ணு நெனச்சேன். பொதியை காவக்காரன் கையில கொடுத்துட்டு, அவளைக் கூப்பிடாமலே திரும்பிட்டேன்.

— அந்தப் பொதியைக் கண்டதும் அவ ரோட்டுக்கு ஓடினா அப்பா. செருப்பு கூடப் போடல்ல. பாளையம் முக்கு வரைக்கும் ஒவ்வொரு முகமாப் பாத்துக்கிட்டு ஓடினா. நாங்க சைவக்காரங்க, நான் மூக்கைப் பொத்திக்கிட்டு அவளுக்குப் பின்னால ஓடினேன். உங்களைக் காணல்ல. அண்ணைக்கு அவ சாப்பிடவே இல்ல.

— ஓடினாளா... கேட்டியா, அது எனக்குத் தெரியாது.

— தெரியணும்ணுதான் சொல்லுதேன்.

— ஒனக்க முகத்துல உள்ள தழும்பு... வைசூரியா மக்ளே?

— ஆமா. கொல்லம் ஆயிரத்து நூத்தி முப்பத்தொண்ணு, மாசி மாசம். எனக்குத்தான் முதல்ல வந்துது. மத்தப் பிள்ளைகளை எல்லாம் ஊருக்கு அனுப்பிட்டு, என்னை ஹாஸ்டல் தோட்டத்துல ஒரு தனிப் பொரையில கெடத்தினாங்க. எனக்குப் பொறுப்பா இருந்த எங்க மாமாவுக்கு ஆளனுப்பிச் சொன்னாங்க. வந்தாரு. வாசல்ல நிண்ணு பாத்தாரு. அப்படியே திரும்பிப் போயிட்டாரு. கூட இருந்தது சகாயம் மட்டும்தான்.

— எத்தன நாளு?

— பதினேழு நாளு. வேப்பிலையை விரிச்சுப் போட்டு, இளநீரை சொட்டுச் சொட்டா வாயில விட்டா. என் கண்ணு ரெண்டும் வீங்கி ஒட்டிக் கெடந்துது. பக்கத்துல இருந்து பாடம் சொல்லுவா. ‘நீ எந்திரிச்சுப் பரீட்சை எழுதணும்லா’ம்பா. செப்டம்பர்ல எழுதினேன் அப்பா. அவ வாயால சொன்னதைத்தான் எழுதினேன். பாஸானவங்க லிஸ்ட்டுல என் பேரு வந்துது. முதப் பேரா வரவேண்டியது அவளுது.

— அழாத.

— அழத்தான் வந்தேன். இன்னும் சொல்லிமுடிக்கல்ல. மூணாம் நாளு அவ பெட்டியைக் கட்டி வச்சிருந்தா. நான்தான் ‘போவாதட்டி, நான் செத்துப் போவேன்’ண்ணு கையைப் பிடிச்சேன். பிடிச்ச கையை விடல்ல. ‘எனக்குச் சின்னதிலயே அம்மை குத்தியாச்சு, ஒண்ணும் வராது’ண்ணா. நானும் நம்பிட்டேன். நம்புனாத்தானே அவ கூட இருப்பா? அண்ணைக்கு விட்டிருந்தா பஸ் ஏறியிருப்பா, என் வைசூரி அவளுக்கு ஒட்டியிருக்காது. உங்க மகளை நான்தான் கொண்ணேன் அப்பா.

— அவளுக்குக் குத்தவே இல்ல. குத்துக ஆளு கரைக்கு வந்தா, கமுத்திப் போட்ட வள்ளத்துக்க அடியில போய் ஒளிஞ்சு கெடப்பா.

— சத்தியமா எனக்குத் தெரியாதப்பா!

— ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ கொஞ்சம் தண்ணி குடி. நான் ஒண்ணு சொல்லுதேன். சகாயத்தைப் பெத்த அம்மைக்கு வாந்திபேதி கண்டப்போ நான் கொச்சிப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தேன். அயலுல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாவ. ஆறு வயசுப் பிள்ள, ஒத்தையில, அம்மைக்க தலைமாட்டுல இருந்திருக்கா. நான் வந்து சேந்தப்போ அவ அழல்ல. ‘ஏன் அப்பா ஒருத்தரும் வரல்ல’ண்ணு மட்டும் கேட்டா.

— அவ இதை என்கிட்ட சொன்னதே இல்ல.

— சொல்ல மாட்டா. ஆனா மறக்கவும் மாட்டா. நீ கையைப் பிடிச்சதாலதான் அவ நிண்ணாண்ணு நெனச்சு மூணு வருசமா ஒத்தையில சுமந்திருக்கியே மக்ளே. பெட்டி கட்டினவ அந்த மூணு நாளும் எதுக்குக் காத்திருந்தா தெரியுமா?

— எதுக்கு?

— எனக்க பதிலுக்கு. எனக்கு ஒரு கடிதாசு போட்டிருந்தா. கோயில் உபதேசியாரு வாசிச்சுச் சொன்னாரு. வைசூரிண்ணு எழுதியிருந்தா. கூட்டுக்காரிக்க ஆளுவ வந்து பாத்துட்டுப் போயிட்டாவ, அவளுக்கு ஆருமில்லண்ணும் எழுதியிருந்தா. கடைசியில, ‘வரட்டா அப்பா, நிக்கட்டா’ண்ணு கேட்டிருந்தா. ‘நில்லு’ண்ணு தந்திக் கம்பி அடிச்சவன் நானாக்கும்.