ஆரஞ்சு தீர்றதுக்குள்ள

இல்ல மாப்ள, அந்தப் புதருக்குள்ள போயிருக்காது. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். நீங்க அடிச்சதும் பந்து நேரா மேல போச்சு, அங்க நின்னு கொஞ்ச நேரம் யோசிச்சுது, அப்புறம் மனசு மாறி இந்தப் பக்கமா சாஞ்சு விழுந்துச்சு. இந்த முள்ளு, அந்த ரெண்டு மரம், அதோ அந்தத் துருப்பிடிச்ச குழாய், இதுக்குள்ளதான் எங்கயோ கெடக்கு. தேடுங்க. நானும் தேடுறேன். நின்னுக்கிட்டே தேடுறேன், முட்டி மடங்க மாட்டேங்குது. நாள் பூரா பஸ்ஸுல பிரேக்க மிதிச்ச காலு, சாயந்திரமானா சொன்ன பேச்சு கேக்காது.

நான் நிக்கிற எடத்துலயா? இங்க இல்ல. பாத்துட்டேன்.

பதட்டப்படாதீங்க. அங்க பாருங்க, எங்க தபால்காரர் இப்பதான் ஆரஞ்சுத் தோலையே உரிக்க ஆரம்பிச்சிருக்காரு. தோல உரிச்சு, நார எடுத்து, ஒவ்வொரு சுளையா வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுதான் வாயில வைப்பாரு. நேரம் இருக்கு.

நேத்து டிப்போவுல எங்க கண்டக்டர் கேட்டாரு, இது பணக்காரங்க ஆட்டமாச்சே, உங்களுக்கு எதுக்குங்கன்னு. இது அந்த கோல்ஃப் இல்லப்பான்னேன். கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துக்குப் பின்னாடி நகராட்சிக்காரன் வெட்டி விட்ட ஒம்பது குழி. காத்து இந்தப் பக்கம் திரும்பினா ஒரு கையால மூக்கப் பொத்திக்கிட்டு இன்னொரு கையால அடிக்கணும். புதன்கிழமை வேலை முடிஞ்சு வர்றவங்க ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேந்து ஆடுறோம். நானும் தபால்காரரும் ஒரு ஜோடி, என் தங்கச்சி புருஷனும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு ஜோடின்னேன். உங்கள்ல யாரு நல்லா ஆடுவாங்கன்னாரு. அப்படி யாரும் இல்லன்னேன்.

இந்த ஆரஞ்சு விஷயத்தத்தான் அவரால நம்ப முடியல. தொலைஞ்ச பந்த எவ்வளவு நேரம் தேடலாம்னு புஸ்தகத்துல போட்டிருக்குப்பா, ஆனா இங்க ஆளுக்கொரு கடிகாரம், கடிகாரத்துக்கொரு நேரம், ரொட்டிக்கடை அண்ணன் தம்பி அதுல சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க, அதுவும் ஒரே ஜோடியில ஆடுறவங்கன்னேன். அன்னைக்குத்தானே கிளப்பு செயலாளர் சொல்லிட்டாரு, தபால்காரர் அவசரப்பட்டு எதையும் தின்னு யாரும் பாத்ததில்ல, அவரு ஒரு ஆரஞ்சு தின்னு முடிக்கிற வரைக்கும் தேடலாம், முடிஞ்சா பந்து தொலைஞ்சதுன்னு. அவரு இல்லாத ஆட்டத்துல வேற யாராவது தின்னுக்கலாம், முழுங்கினா செல்லாதுன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு கண்டக்டர் சொல்றாரு, நீங்கெல்லாம் உத்தியோகம் பாக்குற மனுசங்களாய்யான்னு.

உங்க ஜோடியப் பாருங்க. குழியில நட்ட கொடிக்குப் பக்கத்துல எப்படி நிக்கிறாரு. தன் பந்தக் குட்டையில போட்டுட்டு இப்ப உங்களத்தான் நம்பி நிக்கிறாரு. ஊரு கண்ணையெல்லாம் சோதிச்சுப் பாக்குற மனுசன், மாப்ள பந்து எங்க விழுந்துச்சுன்னு கேட்டா வானத்தக் காட்டுறாரு. மேல் பிரிவுக்குப் போனா போட்டுக்கிறதுக்குன்னு ஷூ வேற வாங்கிட்டாராமே. வெள்ளையா. உங்களுக்குக் காட்டினாரா? எனக்குக் காட்டல, தபால்காரர் சொன்னாரு.

நெலம அதுதான். பந்து கெடச்சா இங்கேர்ந்து ரெண்டே அடியில குழிக்குள்ள போட்டுடுவீங்க. ஆட்டம் உங்களுது, கீழ் பிரிவுல இந்த வருசத்துக்கு முதல் ஜோடி நீங்க, அடுத்த வருசம் மேல் பிரிவு. கெடைக்கலன்னா ஆட்டம் எங்களுக்கு, ரொட்டிக்கடைக்காரங்க மேல போவாங்க, நீங்க எங்களோட இங்கயே. நாங்க ஜெயிச்சாலும் கடைசி, தோத்தாலும் கடைசி. அதுல ஒரு நிம்மதி இருக்கு மாப்ள. ஒருத்தன் நம்மளப் பாத்து வயிறெரிய மாட்டான்.

மேல் பிரிவு ஆட்டமெல்லாம் சனிக்கிழமை காலையிலதானே? ஆமா. சனிக்கிழமை காலையில நான் மார்க்கெட்டுக்கும் ரயிலடிக்கும் நடுவுல ஓட்டிக்கிட்டிருப்பேன். அதச் சொல்ல வந்தேன், வேற ஒண்ணுமில்ல.

தங்கச்சி எப்படி இருக்கா?

சும்மாதான் கேட்டேன். குனிஞ்சபடியே சொல்லுங்க, கண்ணாடிக்கடைக்காரரு பாக்குறாரு. ம். ம். கண்ணாடி மாத்திட்டாளா. இவருகிட்டயா மாத்தினா? பாருங்க, இந்த மனுசன் ஒம்பது குழி கூடவே நடந்து வந்து என்கிட்ட மூச்சு விடல. பிரேமு என்ன நெறம்? கறுப்பா? கறுப்பு அவ மூஞ்சிக்கு எடுப்பா இருக்காதே. சரி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நாம ஸ்கோரு மட்டும்தான் பேசினோம்.

எங்க வீட்லயும் அதேதான். நான் உள்ள நுழைஞ்சு ஷூவக் கழட்டும்போதே எங்க வீட்டுக்காரி கேப்பா, பேசினீங்களான்னு. ஸ்கோருதான் பேசினோம்பேன். அதோட உள்ள போயிடுவா. தட்டு வைக்கும்போது வந்து, அவளுக்கு அந்த முதுகு வலி எப்படி இருக்காம்பா. ஸ்கோரு பேசின எடத்துல முதுகு வலி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நானும் கேக்க மாட்டேன். பரவால்லையாம்பேன். இப்ப யாரு கேட்டாம்பா.

உங்க வீட்லயும் அப்படியா? என் சுகர் எவ்வளவுன்னு கேட்டாளா? நீங்க என்ன சொன்னீங்க? ஐயோ, அவ்வளவுன்னு ஏன் சொன்னீங்க. கொஞ்சம் கொறச்சுச் சொல்லியிருக்கலாமே, பயந்திருப்பாளே.

கண்டக்டருக்கு இதெல்லாம் ஆச்சரியம். அப்படி என்னதான் சண்டை ரெண்டு வீட்டுக்கும்னாரு. ஒரு போட்டோன்னேன். எங்க பெரியவ பட்டம் வாங்கின அன்னைக்கு எல்லாரும் வரிசையா நின்னு எடுத்தது, பெரிசாக்கி ஹால்ல மாட்டலாம்னு குடுத்தோம், சட்டம் போடுறவன் கண்ணாடிக்கு அளவு பாத்து ஓரத்தக் கொஞ்சம் வெட்டிட்டான். ஓரத்துல நின்னது என் தங்கச்சி. இப்ப சுவத்துல அவ ஒரு கண்ணு, பாதி மூக்கு, ஒரு தோடு. வந்து பாத்தா. இந்த வீட்டுல எனக்கு அரை மூஞ்சிக்குத்தான் எடம்னா. ஓரமா போயி நின்னா நான் என்ன பண்றதுன்னா எங்க வீட்டுக்காரி. அவ்வளவுதான்ப்பா, ஆளுக்கொரு வார்த்தை, ரெண்டு வீட்டுக்கும் வண்டி நின்னு போச்சுன்னேன்.

அந்தப் படத்தக் கழட்டி வச்சா என்னன்னாரு. கழட்டினா சுவத்துல கட்டமா வெள்ளையா தெரியும், அதப் பாத்து ஏன் கழட்டினீங்கன்னு இவ கேப்பா, எங்க போச்சு என் அரை மூஞ்சின்னு அவ கேப்பா. நீங்க வேற மாப்ள, அவளுக்குப் பக்கத்துல முழுசா நிக்கிறீங்க. பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டு. அதுலயும் அவளுக்கு ஆத்திரம் இருக்கும், வெளியில சொல்ல மாட்டா.

நான் சாப்பிட உக்காந்தா அது நேர் எதிர்ல. தெனமும் அந்த ஒத்தக் கண்ணப் பாத்துக்கிட்டுதான் சாப்பிடுறேன்.

அங்க வேணாம் மாப்ள, அது நல்ல முள்ளு. கைய வெளிய எடுங்க. கிழிச்சிருச்சு பாருங்க. சொன்னா கேக்குறதில்ல.

ஏன், புதன்கிழமை இல்லன்னா வேற எங்கயாவது பாத்துக்கலாம்னு சொல்றீங்களா? பாத்து? நானும் அத யோசிச்சேன். ரெண்டு கெழவனுங்க ஒரு கடையில எதிரெதிரா உக்காந்து என்னத்தப் பேசுறது? நான் உங்களப் பாப்பேன், நீங்க பில்லப் பாப்பீங்க. கல்யாணமாகி வந்த நாளுலேர்ந்து நீங்க என்கிட்ட பேசினத எல்லாம் சேத்தா ஒரு டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிடலாம். நமக்கு ஒரு பந்து வேணும் மாப்ள. கையில ஒரு ஸ்டிக்கு வேணும். பந்த அடிச்சுட்டு அது பின்னாடியே நடக்கும்போதுதான் உங்களுக்கு வாயி தொறக்குது, எனக்கு காது தொறக்குது.

அதுவுமில்லாம, வேற எங்க பாத்தாலும் அது நாம போட்ட திட்டம் ஆயிடும். அவளுக்குத் தெரிஞ்சா, என் அண்ணன் வீட்டோட கூடிக்கிட்டீங்களான்னு உங்களக் கேப்பா. இவ என்னக் கேப்பா. புதன்கிழமைன்னா அட்டவணை. செயலாளர் போட்டு சுவத்துல ஒட்டினது. அட்டவணையக் கோவிச்சுக்க முடியுமா யாராலயாவது?

எத்தன சுளை மிச்சம்? மூணு மாதிரி தெரியுது. தபால்காரர் இந்தப் பக்கமே பாத்துத் திங்கிறாரு. நல்ல மனுசன். ஒரு சுளையில கொட்டை எடுக்கிறதுக்கு இவ்வளவு நேரம் ஆகாது, வேணும்னுதான் எடுக்கிறாரு. அவருக்குத் தெரியும்னு நெனைக்கிறேன்.

என்ன தெரியுமா? ஒண்ணுமில்ல. நீங்க தேடுங்க.

இல்ல, வேணாம், விடுங்க. அந்தக் கையக் காட்டுங்க. ரத்தம் முழங்கை வரைக்கும் வந்திருச்சு. இத அவ பாத்தா என்ன சொல்றது, ஸ்கோருன்னு சொல்ல முடியாது. போதும் மாப்ள, எழுந்திருங்க.

பந்து என் கால் கீழ இருக்கு.

இந்தக் கால் இல்ல, எடது. நீங்க புதரச் சுத்திக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே வந்து அது மேல கால வச்சுட்டேன். ஈர மண்ணா இருக்கா, இறங்கிடுச்சு, மேல சேறு மூடியிருக்கும். நம்பர் மூணு, செவப்பு எழுத்து, உங்களுதுதான். எதிராளி வேணும்னே மிதிச்சா உங்களுக்குத் தண்டனை இல்ல, எடுத்துத் தொடச்சு பக்கத்துல வச்சு அடிக்கலாம், தண்டனை எனக்குத்தான். இந்தாங்க, கால எடுத்துட்டேன். ரெண்டு அடி. அவரும் அந்த வெள்ள ஷூவப் போட்டுக்கட்டும். நான் அவருகிட்டயும் சொல்லிடுறேன். திட்டுவாரு, திட்டட்டும், கடையில போயி கண்ணு சோதிக்கிறப்ப எழுத்து தெரியலன்னு சொல்லி ஒரு கண்ணாடி வாங்கி சமாதானம் பண்ணிக்கிறேன்.

ஏன் நிக்கிறீங்க? எடுங்க.

என்ன சிரிக்கிறீங்க?

எப்ப பாத்தீங்க?

நான் கால வைக்கிறப்பவேவா? அந்தக் குழாய்க்கிட்ட நின்னப்பவா? அங்கேர்ந்து இந்தக் கால் தெரியுமா? தெரியும்தான், இப்பப் பாத்தா தெரியுது. அப்புறம் எதுக்கு மாப்ள இவ்வளவு நேரம் முள்ளுக்குள்ள கைய விட்டுக் கிழிச்சுக்கிட்டீங்க? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே.

ம்.

ம்ன்னா என்ன அர்த்தம்.

சரி. சரி, புரியுது. சொல்ல வேணாம்.

தள்ளுங்க. நான் கால அங்கயே வச்சுக்கிறேன். இன்னும் ரெண்டு சுளை இருக்கு. நீங்க அந்த மரத்துப் பக்கம் போங்க, அங்க முள்ளு இல்ல. கண்ணாடிக்கடைக்காரரு எட்டிப் பாக்குறாரு, நல்லாக் குனிஞ்சு தேடுங்க. தேடிக்கிட்டே சொல்லுங்க, இந்த வாரம் வீட்ல வேற என்ன நடந்துச்சு?