எதிராளிக்குப் போட்ட வோட்டு

— ஒரே ஒரு வோட்டுல ஜெயிச்சிருக்கடி நிரோஷினி! நூத்திப் பதினெட்டு, நூத்திப் பதினேழு! மூஞ்சிய ஏன் இப்படி உர்ருன்னு வெச்சிருக்க?

— கத்தாதை ஸ்ரீநிதி. நான் வெண்டது களவு.

— என்னது?

— தோத்தவன், அந்த யூட்சன், இப்பதான் கை குடுத்திட்டுப் போறான். தன்ரை வோட்டை எனக்குத்தான் போட்டவனாம். மாணவர் தலைவர் பதவிக்கு நிக்கிற ரெண்டு பேரும் ஆளுக்காள் மற்ற ஆளுக்குத்தான் போடவேணுமாம். காலேஜ் துடங்கின நாளிலையிருந்து, நூற்றெழுபது வருசமா, அதுதான் இஞ்சை வழக்கமாம்.

— நீ யாருக்குப் போட்ட?

— எனக்கு! பேப்பர் கிழியிற மாதிரி அழுத்திப் போட்டனான்.

— ஹய்யோ... சிரிக்காம இருக்க முடியலடி. ஆனா ரூல் புக்க நாலு தடவ படிச்சேன், அப்படி ஒண்ணும் இல்லையே?

— இஞ்சை எதுதான் எழுதிக் கிடக்கு? சாப்பிட முதல் லத்தீனிலை செபம் சொல்லுறாங்கள், அது எழுதிக் கிடக்கோ? முதல் கிழமை அந்தக் கறுப்பு அங்கி, கவுன், போடாமல் சாப்பிடப் போனன். கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்கள். எங்கடை குடும்பத்திலை யூனிவர்சிற்றிப் படி மிதிச்ச முதல் ஆள் நான். அப்பா எயார்போட்டிலை சூட்கேஸ் தூக்குறார். ஆர் எனக்கு உதெல்லாம் சொல்லித்தாறது?

— சரி, விடு. யாருக்குப் போட்டன்னு ஒருத்தருக்கும் தெரியாது. வாய மூடிட்டு இரு.

— வழக்கப்படி நான் அவனுக்குப் போட்டிருந்தால் அவன்தானே வெண்டிருப்பான்? நான் போய்ச் சொல்லப்போறன்.

— லூசா நீ? காலைல ஏழுலேந்து எட்டு, பிரேக்ஃபாஸ்ட் நேரத்துல மட்டும்தான் வோட்டுப் பெட்டி. ஹாஸ்டல் பசங்க பைஜாமாவோட மாடி இறங்கி வந்து போட்டுட்டு, திரும்பிப் போய்த் தூங்குறாங்க. வீட்டுலேந்து வர்ற நம்மாளுங்க ஊர்க்கோடி ரெக்ஸ்டேல்லேந்தும் பிக்கரிங்லேந்தும் விடியறதுக்கு முன்னாடி பஸ் புடிச்சு வந்தாங்க. நாப்பது பேரு! பெட்டிய நாள் பூரா வைக்கணும்னுதானே நீ நின்ன? அத உன் ரோஷத்துக்காகத் தூக்கிக் குடுப்பியா?

— அந்த நாப்பது பேருக்கும் நான் களவெடுத்த தலைவர் கதிரையையோ குடுக்கிறது? உங்கை வாறான். டேய் யூட்சன், இஞ்சை வா!

— யோ, மேடம் பிரசிடென்ற்! பார்ட்டி எப்ப?

— நக்கலடிக்காதை. நான் எனக்குத்தான் போட்டனான். உந்த வழக்கம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எனக்குத்தான் போட்டிருப்பன், அதையும் கேட்டுக்கொள். ஆனால் உங்கடை வழக்கப்படி நீதான் வெண்டனி. வா, வோட்டு எண்ணின ஆக்களிட்டைப் போவம்.

— வெயிற், வெயிற். நீ சீரியஸா?

— உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். கொப்பர் இஞ்சை படிச்சவர், சுவரிலை அவரின்ரை குறூப் போட்டோ தொங்குது. நீ இந்த வளைஞ்ச மாடிப்படியிலை கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாய். நாங்கள் ஒவ்வொரு படியிலையும் தடக்குப்படுறம்.

— யூட்சன், இவ சொல்றத நம்பாத. ராத்திரி பூரா தூங்கல, உளர்றா.

— ஸ்ரீநிதி, நீ பேசாமலிரு!

— நிரோ, லிசின். நான் நிண்டதே டாட் சொல்லித்தான். அவர் அந்தக் காலத்திலை நிண்டு தோத்தவர். விடிய நான் பைஜாமாவோட இறங்கி வாறன், உங்கட லைன் வாசல் வரைக்கும் நிக்குது. ஒரு பெட்டை புத்தகப் பையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டபடி நித்திரை. ஐ ஃபெல்ற் சோ ஸ்ரூப்பிட்.

— அதுக்கும் வழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கதையை மாத்தாதை.

— என்ர பேப்பரை ரூம்மேற் றொனால்ட் எட்டிப் பாத்திட்டான். "ஏன்டா அவளுக்குப் போட்டனி?" எண்டு கத்தினான். வாயிலை வந்ததை அவனுக்குச் சொன்னன், கை தரேக்கை அவன் பக்கத்திலை நிண்டதாலை உனக்கும் அதையே சொன்னன். அப்பிடியொரு வழக்கமே இல்லை, நிரோ.