ஓடி ஓடி நின்ற எஞ்சின்

எஞ்சின் நின்றுவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலிலேயே. அந்த வாசலில் இப்போது ஆள் முழுகும் தண்ணீர். சம்பான் படகில் சேகர் அண்ணனும் நானும். எதிரே பழைய புகைக்கூடு, ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கட்டடம். அதன் தகரக் கூரைமேல் என் புருஷன் மணி. சுங்காய் ஆற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் இப்படியொரு தண்ணீரை யாரும் பார்த்ததில்லை.

மகளையும் அண்டை வீட்டாரையும் முதல் நடையில் மேட்டு ரோட்டில் இறக்கியாச்சு. இடமில்லை என்று மணிதான் பின்தங்கினார். அவரை ஏற்ற வந்தோம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அண்ணன் கயிற்றை இழுக்கிறார். பட். பட்பட்பட். பிடித்துக்கொள்கிறது. அப்பாடா என்பதற்குள் இருமுகிறது. நிற்கிறது. மறுபடி இழுப்பு. மறுபடி ஓட்டம். மறுபடி அமைதி. தண்ணீர் எங்களைச் செம்பனை மரங்களுக்குள் இழுக்கிறது.

“தள்ளிப் போங்க! மரம் வருது!”

மணியின் குரல். ஒரு செம்பனைத் தடி சம்பானை உரசிப் போனது.

பெட்ரோல் இப்போதுதான் ரோட்டில் நிரப்பினோம். அண்ணன் பிளக்கைக் கழற்றினார். துடைத்து மாட்டினார். ஓடியது. நின்றது.

“சனியன் புடிச்ச எஞ்சின்லா இது!”

நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். திட்டவும் செய்தேன்.

டாங்கி எஞ்சினின் தலைமேல். உள்ளே பார்க்க அண்ணன் மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ். காற்றை உறிஞ்சும் சத்தம். மூடியைப் பிடுங்கிப் பார்த்தேன். காற்றுப் போக நடுவில் ஊசித்துளை இருக்க வேண்டும். அங்கே சந்தனப் பொட்டு. ஆயுத பூசைக்கு மணி தன் கையால் வைத்தது. காய்ந்து கல்லாகிக் கிடந்தது. காற்றுப் போகாமல் பெட்ரோல் இறங்கவில்லை. முதல் நடையில் மூடி தளர்ந்திருந்ததால் ஓடியிருக்கிறது. நிரப்பியபின் மழைக்குப் பயந்து அண்ணன் இறுக்கிவிட்டார்.

தளர்த்தி வைத்தாலே போதும் என்று இப்போது தெரிகிறது. அப்போது தோன்றவில்லை. வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் குத்தினேன். விரலில் குத்திக்கொள்கிறேன்.

“தங்கச்சி, சீக்கிரம்லா!”

மடமடவென்று தகரம் மடங்கும் சத்தம். நான் நிமிரவில்லை. இன்னும் ஒரு குத்து. மூடியைப் போட்டேன். அண்ணன் இழுத்தார். எஞ்சின் பிடித்தது. நிற்கவில்லை.

நிமிர்ந்தேன். புகைக்கூட்டில் பாதிதான் இருந்தது. குனிந்திருந்த நேரத்தில் அவர் போயிருக்கிறார். நான் பார்க்கவில்லை.

வெளிச்சம் இருந்தவரை சுற்றினோம். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் அப்புறம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தண்ணீர் வடிந்தபின்தான் செம்பனை வரிசைக்குள் கிடைத்தார்.

மறக்காமல் எழுதிவைக்கிறேன். எங்கள் லயத்தில் போனவை: வீடு நாலு. மோட்டார்சைக்கிள் ஒன்று. லெட்சுமி அக்காவின் ஆடுகள் எல்லாம். என் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள். கோழிகளை யாரும் எண்ணவில்லை.

ஆள் ஒன்று. மணி.